மெமரி போச்சு

கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அவர்களால் சும்மா இருக்க முடியாது. எனக்கு அந்த வியாதி லாத்தாவின் கல்யாணத்துக்கு முதல் நாள் முற்றிப் போயிருந்தது. (லாத்தா என்றால் அக்கா. பெயர் ஷமீமா. பூ அலங்காரத்தைப் பார்க்க மண்டபத்துக்குப் போயிருந்ததால் அன்று தப்பித்தாள்.)

எங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் என் அறையில் இருந்த கம்ப்யூட்டர் நானே கட்டியது. ஒவ்வொரு பாகமாக வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நானே முடுக்கினேன். நான் படித்தது அக்கவுன்டிங். அதனால் பெருமை கொஞ்சம் கூடுதல்தான்.

மறுநாள் வரவேற்பில் காட்ட ஒரு படம் செய்துகொண்டிருந்தேன். லாத்தா தொட்டிலில் கிடந்ததிலிருந்து நிச்சயம் வரை பழைய வீடியோக்கள், நாகூர்ச் சொந்தங்கள் அனுப்பிய வாழ்த்துகள். படம் நீள நீளக் கம்ப்யூட்டர் திணறித் திணறி நின்றது. ஆகவே அதிவேக மெமரி ஸ்டிக், அதாவது ரேம், இரண்டு வாங்கி வந்தேன். மேலே வண்ண விளக்கு எரியும் ரகம். (விளக்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். அழகாக இருந்தது, வாங்கினேன்.)

காலையில் அவற்றைச் செருகிச் சோதனை ஓட்டினேன். மெமரியின் மூலை முடுக்கெல்லாம் எதையாவது எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும் சாஃப்ட்வேர். பச்சை எழுத்தில் 'பாஸ்' என்று வந்தது. வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாஸாயிடுச்சா? மாஷா அல்லாஹ்!" என்று, நானே ஏதோ பரீட்சை எழுதியது போல என் தலையைத் தடவினார்.

அத்தோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஸ்டிக் வந்த பெட்டியில் இன்னும் பெரிய வேகம் அச்சடித்திருந்தது. செட்டிங்கில் அந்த வேகத்தை வைத்து மறுபடி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. விளக்கு ஜொலித்தது. திரை மட்டும் கறுப்பு.

கொஞ்சம் பார்த்தேன், அணைத்தேன். ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கறுப்பு. இடம் மாற்றிச் செருகினேன். கறுப்பு. வாப்பா என் ஃபோனை டார்ச்சாகப் பிடித்துக்கொண்டு, "பிஸ்மி சொல்லிப் போடும்மா" என்றார். சொல்லியும் கறுப்பு.

அந்த நேரம் பார்த்துக் கிளமெண்டி மாமி, அதாவது வாப்பாவின் தங்கை, குடும்பக் குழுவில் "என்ன சத்தமே காணோம்? படம் ரெடியா?" என்று கேட்டிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பதில் போட்டேன்:

"மெமரி போச்சு மாமி. வாப்பா பக்கத்துலதான் இருக்காங்க. என்ன பண்றதுன்னே தெரியல. துஆ செய்ங்க."

அதோடு ஃபோன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

எங்கள் வாப்பாவுக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. ஒரு தரம் வந்த வாடிக்கையாளரின் பெயரை அடுத்த வருஷமும் சொல்லிக் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், ஞாபகமே போய்விட்டது என்று படித்தால் சொந்தங்கள் என்ன ஆவார்கள்?

கடைசி முயற்சியாக ஸ்விட்சைப் போட்டேன். உடனே காலிங் பெல் அடித்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வாசலில் மூச்சிரைக்க மாமி. என்னைத் தள்ளிவிட்டு நேராக வாப்பாவிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"நானா, என்னைத் தெரியுதா?" (நானா என்றால் அண்ணன்.)

"ஏன் தெரியாம?"

"அப்ப என் பேரைச் சொல்லுங்க."

"ஹலீமா. உனக்கு என்ன ஆச்சு?"

"பேரு ஞாபகமிருக்கு! அல்ஹம்துலில்லாஹ்!" என்று மாமி ஓவென்று அழுதார்.

வாப்பா என்னைத் தனியே இழுத்து, "மாமிக்கு மெமரி போயிடுச்சு போல. அவ பேரையே என்கிட்ட கேக்குறா. மாமாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கிசுகிசுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தடுத்து ஆட்கள். கடைசியாக ஒரு பழக்கூடையோடு மாப்பிள்ளையின் உம்மாவே வந்துவிட்டார். டாக்ஸியில் வரும்போது மாமி அவருக்கும் அழுதுகொண்டே ஃபோன் போட்டிருந்தார்.

"சம்பந்தி," அவர் குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டார், "கல்யாணம் என்னிக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

வாப்பாவின் முகம் வெளுத்தது. "நாளைக்குத்தானே? ஏன், ஏதும் மாத்திட்டீங்களா?"

இதற்கிடையில் தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பைகளோடு திரும்பிய உம்மா, வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்து, ஏதோ துக்கம் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. (நாங்கள் பத்தாவது மாடி. பூமி ரொம்பத் தூரம்.)

அப்போதுதான் என் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் முழுசாக விழித்துக்கொள்ளும் இனிய மணியோசை. எட்டிப் பார்த்தேன். திரையில் வெளிச்சம்!

"மெமரி வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

மொத்தக் கூட்டமும் வாப்பா பக்கம் திரும்பியது. மாமி அவரைக் கட்டிக்கொண்டார்.

விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. பிறகுதான் எனக்கே விளங்கியது. புது மெமரியைப் பெரிய வேகத்தில் ஓட்டப் பழகுவதற்கு மதர்போர்டு முதல் தடவை நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அது பாவம் பழகப் பழக, நான் அணைத்து அணைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் வந்து என்னைப் பிடித்து வைத்ததால் பிழைத்தது.

சிரித்து ஓய்ந்தபின் யாரும் கிளம்பவில்லை. மாப்பிள்ளையின் உம்மா, "அந்தச் சோதனையை எங்களுக்கும் காட்டும்மா" என்றார். அத்தனை பேரும் டீயோடு என் அறையில் நிற்க, ஓட்டினேன். சிவப்பு வரிகள் வந்தன. அந்த வேகத்தில் எழுதியதைத் தப்பாகப் படிக்கிறது. இந்த முறை அவசரப்படவில்லை. வேகத்தை ஒரு படி இறக்கினேன், திரை கறுத்தபோது பேசாமல் காத்திருந்தேன், மறுபடி ஓட்டினேன். பச்சையில் 'பாஸ்' வந்ததும் மாமி கைதட்டினார்.

"இதெல்லாம் நீயே கட்டினதா? கெட்டிக்காரிலா!" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. நான் பதில் சொல்லுமுன் வாப்பா முந்திக்கொண்டார்: "ஒரு ஸ்க்ரூகூட வேற யாரும் தொடல. நான் டார்ச் பிடிச்சேன், அவ்வளவுதான்."

மறுநாள் படம் ஒரு இடத்திலும் திணறாமல் ஓடியது. லாத்தா அழுதாள், மாப்பிள்ளையும் அழுதார். வாப்பா மட்டும் திரையைப் பார்க்காமல், பார்க்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் அதே மெமரியோடு இன்றும் ஓடுகிறது. சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றாலும் முதல் ஃபோன் எனக்குத்தான் வருகிறது.

வீட்டில் மட்டும் வேறு கதை. கறிவேப்பிலை வாங்காமல் வாப்பா வெறுங்கையோடு வந்தால், "மெமரி போச்சும்மா" என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார். உம்மா அவரை ஒன்றும் சொல்வதில்லை. என் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்பார்:

"இவங்களை ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா? இல்ல, கொஞ்ச நேரம் விட்டா தானா வந்துடுமா?"