மஞ்சநீர்ச் சாமியின் கட்டைவிரல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மூன்று வரிசைகள் நிற்கும். ஒன்று தண்ணீர்க் குழாயில். ஒன்று முள்கம்பி வேலியின் வாசலில், பாஸ் காட்டி வெளியே போவதற்கு. மூன்றாவது மாரியம்மன் கோயில் கொட்டகையில். முதல் இரண்டிலும் சண்டை வரும். மூன்றாவதில் வராது. அங்கே எல்லாரும் கைகட்டி, வாய்பொத்தி, நல்ல பிள்ளைகளாக நிற்பார்கள். அங்கேதான் மஞ்சநீர்ச் சாமி உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலம் வந்து எங்களை முள்கம்பிக்குள் அடைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், மடியை உதறச் சொல்கிறார்கள், கொண்டையைக்கூட விடுவதில்லை. லயத்து வீடுகளை வேலிக்குள் கொண்டுவந்தபோது கள்ளுக்கடையையும் கொண்டுவந்தார்கள். அதை மட்டும் யாரும் உதறிப் பார்க்கவில்லை. அந்தி சாய்ந்தால் ஊரடங்கு; எங்கும் போகமுடியாது. எங்கும் போகமுடியாத ஆண்கள் எல்லாரும் அங்கே போனார்கள்.

அப்போதுதான் கடற்கரை ஊரான கிளேபாங்கிலிருந்து சாமி வந்தார். கடலுக்கடியில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்தவர் என்றார்கள். டுரியான் துங்கால் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துப் பெண்ணைக் கேட்டாலும், குடிகாரனின் கையைச் சிவக்க வைக்கும் சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வயது நூற்றெட்டு. வாசலில் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வடிவேலுதான் ஒருமுறை சாமியின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“சாமி, உங்க ஐ.சி.யில முப்பத்தாறுன்னு போட்டிருக்கே?”

“அது உடம்போட வயசு தம்பி. கவர்மெண்டுக்கு உடம்பு மட்டுந்தான் தெரியும்.”

வடிவேலு கும்பிட்டுவிட்டு வழிவிட்டான். சாமியின் முதுகுப் பக்கம் காவித் துணி மூடிய பெரிய கூடை ஒன்று இருந்தது. அதற்குள் அம்மன் இருக்கிறாள், யாரும் பார்க்கக்கூடாது. பெண்களின் கொண்டையைப் பிரித்துப் பார்த்த அரசாங்கம் அந்தக் கூடையைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒருமுறை உள்ளேயிருந்து ‘கொக்’ என்று சத்தம் வந்தது. “அம்மன் கனைக்கிறா,” என்றார் சாமி. கூட்டம் விழுந்து கும்பிட்டது.

சாமியின் பரீட்சை மிகவும் எளிது. எவர்சில்வர் தட்டில் மஞ்சள் தண்ணீர். மனைவி கணவனைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவன் வலது கையை நீட்ட வேண்டும். கோப்பை பிடிக்கிற கை. சாமி கண்ணை மூடி, உள்ளங்கையைத் தடவி, மந்திரம் சொல்வார். பிறகு அந்தக் கையைத் தண்ணீரில் முக்க வேண்டும். தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் ஏழு நாளாகக் குடிக்காதவன். மனைவி குலவை போடுவாள். தண்ணீர் சிவந்தால் குடித்தவன். மனைவி வேறு என்னென்னவோ போடுவாள்.

முதல் வாரம் பத்துப் பேர் சிவந்தார்கள். அடுத்த வாரம் ஆறு. நான்காவது வாரம் இரண்டே பேர். தோட்டமே திருந்திவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கள்ளுக்கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. ஆனால் தட்டைப் பார்க்கிறவர்கள் கடையை எதற்குப் பார்க்கப் போகிறார்கள்?

இவர்களில் பெரிய அதிசயம் பிச்சைமுத்து. தோட்டத்தில் அவனைப்போல் குடித்தவன் இல்லை. நான்கு வாரமாக அவன் கை மஞ்சளிலேயே நின்றது. முன்போலவே தள்ளாடிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான்.

“அடியே மீனம்மா, இது கள்ளு இல்லடி, மயக்கம். சாமியே சொல்லிட்டார்லா,” என்பான்.

மீனம்மா பதறிப்போனாள். உடம்பில் இரத்தம் குறைந்த மனிதரை இத்தனை நாள் குடிகாரன் என்று திட்டிவிட்டோமே என்று அழுதாள். முட்டை கொடுத்தால் தேறும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னாராம். முட்டைக்கு எங்கே போவது? அவளுடைய இரண்டு கோழிகளையும் மூசாங் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மூசாங் என்கிற அந்த மரநாய் அந்த மாதம் எல்லார் கூண்டிலும் புகுந்தது. சனிக்கிழமை சாயந்திரம் மட்டுமே வந்தது. கிழட்டுச் சேவல்களைத் தொடாமல் முட்டையிடும் கோழியாகப் பார்த்துத் தூக்கியது. கூண்டின் கதவைத் திறந்து எடுத்தபின் கொக்கி போட்டுவிட்டும் போனது. பெண்கள் சாமியிடமே முறையிட்டார்கள். அவர் மந்திரித்த கயிறு கொடுத்தார். கயிறு கட்டிய கூண்டிலும் கோழி போயிற்று.

“கயிறு கட்டலைன்னா ரெண்டு போயிருக்கும்,” என்றார் சாமி. அப்படியும் இருக்கலாம் என்று கூட்டம் தலையாட்டியது.

இப்படிக் குடிக்கிறவர்கள் எல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது, நாகமுத்து என்ற ஒருவன் சாமி வருவதற்கு முன்பே தொடங்கி நிஜமாகவே குடியைக் குறைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை குடித்தவன். அவன் சத்தியம் செய்யவில்லை, கயிறு கட்டவில்லை, மொட்டை போடவில்லை. கள்ளுக்கடைச் சவரியப்பனிடம் போய், “அண்ணே, இனிமே எனக்கு மூணுக்கு மேல ஊத்தாதீங்க. கேட்டாலும் ஊத்தாதீங்க,” என்றான். மூன்று இரண்டாயிற்று. இரண்டு அரையாயிற்று. கை நடுங்கும்போதெல்லாம் ஒரு பிடி வறுத்த கச்சாங் கடலையை வாயில் போட்டு மென்றான். ஒரு மாதமாக ஒரு சொட்டும் இல்லை.

யார் நம்பினார்கள்? ஆண்கள், “என்னடா, பொண்டாட்டிக்குப் பயந்துட்டியா?” என்று சிரித்தார்கள். பெண்கள், “அஞ்சு குடிச்சா என்ன, அரை குடிச்சா என்ன, குடிகாரன் குடிகாரன்தானே?” என்றார்கள். எங்கள் தோட்டத்தில் குடிகாரன் என்று ஒரு சொல் இருந்தது, சத்தியம் பண்ணினவன் என்று ஒரு சொல் இருந்தது. குறைத்துக்கொண்டு வருகிறவனுக்குச் சொல்லே கிடையாது.

அவன் மனைவி கமலவேணியும் நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. எட்டு வருஷத்தில் அவன் பத்துச் சத்தியம் செய்து பத்தையும் விழுங்கியவன்.

“இந்த ஞாயிறு தட்டுல கைய வைங்க,” என்றாள். “சிவந்துச்சு, ரெண்டு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ரெம்பியாவுக்குப் போயிடுவேன், எங்கண்ணன் வீட்டுக்கு. இனி வரமாட்டேன்.”

சொன்னதோடு நிற்காமல் தகரப்பெட்டியில் துணியை அடுக்கிக் கயிறும் கட்டிவிட்டாள். ஆபீஸில் பாஸும் வாங்கிவிட்டாள்.

நாகமுத்துவுக்குப் பயம் இல்லை. குடிக்காதவனுக்கு என்ன பயம்? சனிக்கிழமை சாயந்திரம் கோயில் பக்கம் போனவனைச் சாமி கூப்பிட்டார்.

“அம்மனுக்கு என்ன கொண்டாந்தே?”

“ஒண்ணும் இல்லைங்க சாமி. நான்தான் ஒரு மாசமா குடிக்கலையே.”

“நீ சொன்னாப் போதுமா? அம்மன் சொல்லணும்லா.”

“அம்மனுக்குத் தெரியாதா சாமி?”

“தெரியும். ஞாபகப்படுத்தணும். உன் வீட்டுல புள்ளிக்கோழி ஒண்ணு நிக்குதாமே?”

“அது என் மகளோட கோழி சாமி,” என்று சொல்லிவிட்டு நாகமுத்து போய்விட்டான்.

மறுநாள் கொட்டகையில் நிற்க இடமில்லை. கமலவேணி இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ராமாத்தாள் வந்தாள். புல்வெட்டுக்குப் போகிற பெண். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. பரீட்சைக்குக் கொண்டுவர ஆள் இல்லாததால் அதுவரை சாமி பக்கமே வந்ததில்லை. பெட்டியை பஸ்வரை தூக்கிவிட வந்தவள், அவ்வளவுதான்.

முதலில் பிச்சைமுத்து. சாமி அவன் கையை வலது கட்டைவிரலால் தடவினார். மஞ்சள். மீனம்மா குலவை போட்டாள். அடுத்து நாகமுத்து. சாமி கண்ணை மூடினார். வெற்றிலைப் பெட்டியில் கையை விட்டு எடுத்தார். இந்த முறை இடது கட்டைவிரலால் தடவினார். நாகமுத்து தட்டில் கையை முக்கினான்.

தண்ணீர் சிவந்தது. இளஞ்சிவப்புக்கூட இல்லை, கோழி அறுத்த இடம் மாதிரி.

நாகமுத்து தன் கையையே வெறித்துப் பார்த்தான். “கமலம், சத்தியமா…” என்று தொடங்கினான். அந்தச் சொல்லைத்தான் அவள் பத்துமுறை கேட்டிருக்கிறாளே! முகத்தைத் திருப்பிக்கொண்டு, சின்னவனை இடுப்பில் தூக்கினாள்.

“வாங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ராமாத்தாள் நகரவில்லை. பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, யாருக்குடி கல்யாணம்?”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஆரத்தி கரைச்சு வச்சிருக்கே. யாருக்குன்னு கேட்டேன்.”

இந்தத் தோட்டத்தில் எந்தக் கல்யாணத்துக்கும், எந்தப் பெண் சமைந்தாலும், ஆரத்தி கரைக்கிறவள் ராமாத்தாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பது அங்கே இருந்த எல்லாப் பெண்ணுக்கும் தெரியும். அடுப்படியில் தெரியும். கோயிலுக்கு வரும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“அபச்சாரம்!” என்றார் சாமி.

“இருங்க சாமி. நானும் முப்பது வருஷமா வெத்தலை போடுறேன். இடது கட்டைவிரல்ல சுண்ணாம்பு எடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

அவள் தட்டைக் கொட்டிக் கழுவினாள். புதிதாக மஞ்சள் கரைத்தாள். நாகமுத்துவைக் குழாயடிக்கு அனுப்பி, சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்க்கச் சொன்னாள். வந்து முக்கினான். மஞ்சள்.

“சாமி தொடலைல்லா, அதான்!” என்று கூட்டத்தில் ஒருத்தி.

“சரி. பிச்சைமுத்து, நீ வாப்பா.”

பிச்சைமுத்து இரண்டு தூண்களைப் பிடித்து, ஒரு ஆளைப் பிடித்து, வந்து சேர்ந்தான். முக்கினான். மஞ்சள்.

“பார்த்தீங்களா?” என்றாள் மீனம்மா பெருமையாக. “எங்க வீட்டுக்காரர் சுத்தம்!”

“மீனம்மா, கொஞ்சம் கிட்டப் போய் மோந்து பாரு.”

மீனம்மா கிட்டப் போனாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக மோந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது.

ராமாத்தாள் தன் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து விரலில் தடவி முக்கினாள். சிவப்பு. “ஐயோ, நான் குடிச்சிட்டேன்டி!” என்றாள். தட்டை மறுபடி கழுவி மஞ்சள் கரைத்து, சாமியின் முன்னால் வைத்தாள். “இப்ப நீங்க, சாமி. இடது கை.”

“நான் இன்னைக்குத் தண்ணி தொடாத விரதம்.”

வாசலிலிருந்து வடிவேலு வந்தான். ஐந்து வாரமாக மனதில் கிடந்த முப்பத்தாறு அவனை உறுத்தியிருக்க வேண்டும். “எல்லார் கையையும் பார்க்கிறோம் சாமி. உங்க கைய மட்டும் விட்டா துரை என்னைக் கேப்பார் லா,” என்று சொல்லி, இடது மணிக்கட்டைப் பிடித்துத் தட்டில் அமுக்கினான்.

அவ்வளவு நல்ல ஆரத்தியை ராமாத்தாளே கரைத்ததில்லை.

சாமி எழுந்து ஓடப் பார்த்தார். கால் கூடையில் தட்டியது. காவித் துணி விலகியது. அம்மன் வெளியே வந்தாள். ஒருத்தியாக வரவில்லை, ஏழு பேராக, கொக்கரித்துக்கொண்டு. கோழிகளுக்குக் கூட்டமும் தெரியாது, சாமியும் தெரியாது. வீடு தெரியும். கறுப்புக்கோழி நேரே மீனம்மாவின் காலிக் கூண்டுக்கு ஓடியது. செங்கோழி கங்காணி வீட்டுக்கு. கழுத்துருவிக்கோழி கோயில் பண்டாரத்தின் வீட்டுக்கு. ஒவ்வொரு கோழியும் ஒரு வாசலில் போய் நின்றபோது, ஒவ்வொரு மனைவியும் ஒரு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நாகமுத்துவின் வீட்டு வாசலுக்கு மட்டும் எந்தக் கோழியும் ஓடவில்லை. புள்ளிக்கோழி எப்போதும்போல அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது.

“மூசாங்குக்குத் தாடி முளைச்சிருக்கு,” என்றாள் ராமாத்தாள்.

அதன்பிறகு கொட்டகையில் நடந்ததை விவரமாக எழுத முடியாது. மீனம்மாவின் கையில் துடைப்பம் இருந்தது என்பது போதும். சாமியை யாரும் அடிக்கவில்லை. ராமாத்தாள் அவரை வாசல்வரை நடத்திப்போய், அவருடைய ஆரத்தியாலேயே மூன்றுமுறை சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டும் வைத்து, மிச்சத்தைச் சடக்கு ரோட்டில் ஊற்றினாள். வடிவேலு ஐ.சி.யைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நல்லா பார்த்துக்குங்க, இன்னும் முப்பத்தாறுதான்,” என்றான்.

கமலவேணி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கள்ளுக்கடைச் சவரியப்பன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான்.

“சவரியண்ணே, நீங்க சொல்லுங்க. இவரு குடிக்கிறாரா, இல்லையா?”

“ஒரு மாசமா கடைக்கே வரலைம்மா. அதுக்கு முந்தி ரெண்டு, அரைன்னு குறைச்சுக்கிட்டுத்தான் வந்தாரு.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“யாரும்மா கேட்டீங்க? எவன் எவ்வளவு குடிக்கிறான்னு இந்தத் தோட்டத்துல எனக்குத்தான் தெரியும். நீங்க எல்லாரும் கிளேபாங்காரர்கிட்ட கேட்டீங்க.”

கமலவேணி எழுந்தாள். அத்தனை பேர் பார்க்க, நாகமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். கச்சாங் வாசனை. வேறொன்றும் இல்லை. “பல்லு விளக்குனா என்ன?” என்றாள், அழுதுகொண்டே. பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் தூக்கினாள், மறுபக்கத்தை அவன் தூக்கினான். வீட்டுக்குப் போனார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எங்கள் தோட்டம் புத்தியுள்ள தோட்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாத்தாள் கதவைத் திறந்தாள். வாசலில் வரிசை நின்றது. கைகட்டி, வாய்பொத்தி, கணவன்மார்களை இழுத்துக்கொண்டு. முதல் ஆளாக மீனம்மா. கையில் ஒரு தட்டு, கக்கத்தில் கறுப்புக்கோழி.

“அக்கா, இனிமே நீங்களே கை பார்த்துச் சொல்லுங்கக்கா. உங்களுக்குச் சக்தி இருக்கு.”

ராமாத்தாள் வரிசையை ஒருமுறை தலையிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.

“ஏண்டி, அத்தனை பேருக்கும் முகத்துக்கு நடுவுல மூக்குன்னு ஒண்ணு இருக்கே. அது எதுக்குடி? மூக்குத்தி குத்த மட்டுமா?”

கதவைச் சாத்திக்கொண்டாள்.