உபயம் எழுத இடமில்லாத பயிற்சி

பாடாங் செராய்

தோட்டத்து முன்னாள் தொழிலாளர் நலச் சங்கத்தின் தலைவரும், என் மனைவி மருதம்மாளின் தம்பியுமான பரஞ்சோதி அவர்களுக்கு அய்யாவு வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நலம் இல்லை, ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன்.

சங்கம் செய்த தவறு இது: வலிக்கு வைத்தியம் பார்க்க டாக்டருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டேன், மசாஜ் நாற்காலி வாங்கினீர்கள். தாங்கள் தலைவர் என்பதால் தாங்கள் என்று எழுதுகிறேன். வழியில் நீ வந்துவிட்டால் அது கோபம்தான், மரியாதைக் குறைவல்ல.

உங்கள் அக்காளுக்கு அக்கி வந்து போனது உங்களுக்குத் தெரியும். கொப்புளம் காய்ந்தது, வலி காயவில்லை. முதுகிலிருந்து விலா வரை நெருப்பால் கோடு இழுத்தது போல எரிகிறது, ரவிக்கை பட்டால் துடிக்கிறாள், என் பழைய சட்டையை முதுகுப்பக்கம் கிழித்துப் போட்டுக்கொண்டு, எதிலும் சாயாமல் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ஒரு டாக்டர் வாயு என்றார், இன்னொருவர் வயது என்றார், மூன்றாமவர் மனம் என்றார், ஆனால் மூவரும் கொடுத்தது ஒரே மாத்திரை. பெரிய மருத்துவமனையில் வலிக்கென்றே தனிப் பிரிவு உண்டாம், நம் முறை வர அடுத்த தைப்பூசம் ஆகிவிடுமாம். கடைவரிசைக் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் கேரன் என்ற பெண் டாக்டர் மட்டும்தான் சட்டையை விலக்கிப் பார்த்தார், பஞ்சால் தொட்டுத் தொட்டு எங்கே எரிகிறது என்று கேட்டார். இது நரம்பு வலி, சாதாரண மாத்திரை இதற்கு எட்டாது, வேறு மருந்து உண்டு, ஆனால் வயதானவர்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும், அந்தப் பக்குவம் தனக்குப் போதாது என்றார்.

“அஞ்சு வருஷம் படிச்சோம் அங்கிள். வலியைப் பத்திச் சொல்லிக் குடுத்தது ஒரு மத்தியானம்லா.”

தெரியாது என்று சொன்ன டாக்டரை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன், அன்றே நம்பினேன். பினாங்கில் டாக்டருக்கும் தாதிக்கும் சேர்த்தே பயிற்சி நடக்கிறதாம். எந்த வலிக்கு எது கேட்கும், சோதித்துப் பார்த்து நிரூபித்தது எது, வெறும் பழக்கத்தில் கொடுப்பது எது என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்களாம். கட்டணம் கட்டவும், அந்த நாட்களில் மாற்று டாக்டர் வைக்கவும் கிளினிக் முதலாளிக்கு மனமில்லை. ஒரு டாக்டர் கற்றால் ரப்பர்ப் பால்மரத்தடியில் குனிந்து குனிந்தே முதுகு போன நம் ஆட்கள் எல்லாருக்கும் ஆகும் என்றுதான் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். உங்கள் பொருளாளர் சசிதரன் என்ன சொன்னான் என்பது நினைவிருக்கும்.

“பயிற்சின்னா அதுல பேரை எங்கண்ணே எழுதறது? டியூப் லைட்டுல எழுதலாம், காத்தாடியில எழுதலாம். டாக்டர் மண்டையிலயா எழுதறது?”

மண்டபமே சிரித்தது. நீயும்தான் சிரித்தாய்.

நாற்காலி வந்தது. சாய்மானத்தில் உன் பெயர், கைப்பிடியில் சசிதரன் பெயர், காலஞ்சென்ற முன்னாள் தலைவரின் பெயரைக் கால் வைக்கும் இடத்தில் எழுதியிருந்தீர்கள். கிளினிக் வாசலில் தோரணம், உறுமி மேளம், தேங்காய். முதல் ஆளாக நீ உட்கார்ந்தாய், மேளக்காரர்களுக்குக் கை ஓயும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அக்காளை நான் தடுக்கத் தடுக்கக் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். உருளை சரியாக அந்த நெருப்புக் கோட்டின் மேல் ஏறியது. அவள் அலறி, முடி அவிழ்ந்து ஆடினாள். அம்மன் வந்துவிட்டது என்று சங்கத்து லோகேஸ்வரி சூடம் ஏற்றினாள், நீ நெற்றி நிறையத் திருநீறு பூசினாய், கூட்டம் கும்பிட்டபடி சூழ்ந்துகொண்டதில் நான் நாற்காலியை நெருங்க முடியவில்லை. நிறுத்துங்கள் என்று அவள் கத்தியதும் உறுமியை நிறுத்தினார்கள். நாற்காலி ஓடிக்கொண்டே இருந்தது. மேளம் அடங்கியதும் லோகேஸ்வரி கைகூப்பிக் கேட்டாள்:

“என்ன குறை தாயே, சொல்லு தாயே?”

உள்ளே இருந்து ஓடிவந்து கரண்டு வயரைப் பிடுங்கியவர் டாக்டர் கேரன். கூட்டம் அவரைச் சாமி குத்தம் செய்தவரைப் போலப் பார்த்தது.

அன்றிலிருந்து உன் அக்காள் வாசலுக்கு வருவதில்லை. போன வாரம் என்னைக் கேட்டாள், “இந்த எரிச்சலோடயே போயிருவேனா?” எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று நீயே என்னைக் கேலி செய்வாய். இதற்கு என்னிடம் பதில் இல்லை, பரஞ்சோதி. பதில் கற்றுக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார், அவரை அனுப்பத்தான் ஆள் இல்லை. இந்த மாதத்தோடு பினாங்கில் பெயர்ப் பதிவு முடிகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாற்காலியை நீ விற்க வேண்டும். அதற்கு முன் சசிதரன் தன் கையால் அதிலுள்ள பெயர்களை அழிக்க வேண்டும், பிறர் பெயர் எழுதியதை எவன் வாங்குவான்? டாக்டரையும் தாதியையும் சங்கம் பினாங்குக்கு அனுப்ப வேண்டும். மாற்று டாக்டரைக் கிளினிக் முதலாளி வைக்க வேண்டும், அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டியது தலைவர். லோகேஸ்வரி இனி யார் அலறினாலும் முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். எவர் பெயரும் எங்கும் எழுதக் கூடாது, இதில் நான் ஒரு அங்குலம்கூட இறங்க மாட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கும்தான், உறவு விட்டுவிடாது.

இப்படிக்கு,
உன் மாமா அய்யாவு

பி.கு.: கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பேர் போடாமல் இந்த ஊரில் எவன் காசு கொடுத்திருக்கிறான் என்று உன் அக்காள் என்னைத்தான் திட்டுகிறாள். ஆகவே பெயரைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. டாக்டர் பயிற்சி முடித்துக் கொண்டுவரும் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கிளினிக் சுவரில் மாட்டுங்கள். அதன் அடியில் எழுத வேண்டியதை அவளே சொன்னாள்: “உபயம்: மருதம்மாள் முதுகு.”