ரெண்டு பக்கமும் கிச்சன்

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதைப் புரிந்துகொள்ளும் இடத்தில்தான் கோளாறு. என் மனைவி ரோசலி இதை இன்னும் அழகாகச் சொல்வாள்: "இவருகிட்ட ஒரு சொல்லக் குடுத்தாப் போதும், அதுக்கு ஒரு வீடு கட்டி பாலும் காய்ச்சிருவாரு." கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் சொன்னவற்றில் நான் மனசார ஒப்புக்கொண்டது இது ஒன்றைத்தான். அப்படி ஒப்புக்கொள்ள வைத்தது பிக்கல்பால். (பெயரிலேயே பிக்கல் இருக்கும்போது பின்னாலேயே பிடுங்கலும் வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.)

பிக்கல்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூப்பந்துக் கோர்ட் அளவுக்குத் தரை, நடுவில் வலை, ரொட்டிப் பலகை மாதிரி ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஏழேழு அடிக்குக் கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் கால் வைத்துக்கொண்டு, தரையில் விழாமல் வரும் பந்தை அடித்தால் ஃபால்ட். அந்த ஏழடி இடத்துக்குப் பெயர் கிச்சன். (பெயர் வைத்த புண்ணியவான் வீட்டில் அடி வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும்.) இந்தச் சங்கதி எதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அப்போது ஈப்போ நகரத்தில் வேலை பார்க்கும் என் மகள் ஷீலாவுக்கு அங்கேயே மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா செல்வநாதன் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் இரண்டு மகன்களும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆட்கள். முதல்முறையாகக் கேமரன் மலைக்கு எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள். வந்த இடத்தில் குளிரில் ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்று ஆசை. இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்ததில் எனக்கு ஒரு கணக்கும் இருந்தது. கல்யாண மண்டபத்தை யார் பார்ப்பது என்று எனக்கும் என் மச்சான் ஜெரோமுக்கும், அதாவது ரோசலியின் தம்பிக்கும், இழுபறி நடந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் சுற்றுலா வேன் ஓட்டியவன் நான். இந்த மலையில் எந்த வளைவில் எந்தக் கட்டடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். (ஓட்டும்போது மூட மாட்டேன்.) ஒரே மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் உரிமைகூட இல்லாவிட்டால் நான் என்ன அப்பன்?

ஷீலா போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இத ஒழுங்கா செஞ்சிட்டீங்கன்னா கல்யாண மண்டபத்தையும் நீங்களே பாருங்கப்பா. இல்லன்னா மாமாகிட்ட விட்ருவேன்."

நான் அப்போது கியா பார்ம் சந்தையில் வேனை நிறுத்தியிருந்தேன். என் பயணிகள் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். காற்றில் போன் விட்டு விட்டுக் கேட்டது. காலி ஸ்ட்ராபெரிப் பெட்டியின் மூடியில் எழுதிக்கொண்டேன்.

"மல்டி-ஸ்போர்ட் இடமா பாருங்க. மழை வந்தா கூரை வேணும். லைன் முக்கியம்ப்பா. பாதி இடத்துல லைன் அழிஞ்சே போயிருச்சு. அவங்க அப்பா மொதல்ல லைனத்தான் பாப்பாரு. அப்புறம் கிச்சன். ரெண்டு பக்கமும் சரியா ஏழடி இருக்கணும். நெட் இருக்கான்னும் கேட்டுக்…"

அத்தோடு போன் செத்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனிடம் போய் லைன் என்றால் அவனுக்கு என்ன புரியும்? வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நான் பிறந்ததே ஒன்பதாம் நம்பர் லைனில். 'லைன் அழிஞ்சே போயிருச்சு' என்று மகள் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈப்போவில் இருந்துகொண்டு இந்தப் பிள்ளைக்குத் தோட்டத்து லைன் வீடுகள் மேல் இத்தனை பாசமா! சம்பந்தியும் நாம் எங்கிருந்து வந்தோம் என்று பார்க்க விரும்புகிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன்! கிச்சன் எதற்கு இரண்டு? சம்பந்தியம்மா சைவம். ஒன்றில் கறி, ஒன்றில் காய். நெட் என்றால் இன்டர்நெட். எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. வீடு கட்டிவிட்டேன், பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி.

முதலில் கம்போங் ராஜா பக்கம் இருந்த ஒரு விளையாட்டு அரங்குக்குப் போனேன். பூப்பந்து, கூடைப்பந்து, பிக்கல்பால் எல்லாம் ஒரே கூரையின் கீழ். டிராக் சூட் போட்ட ஒரு பெண் கவுன்டரில் இருந்தார்.

"கிச்சன் இருக்கா தங்கச்சி?"

"இருக்கு அங்கிள். ஆறு கோர்ட்லயும் இருக்கு."

ஆறு கிச்சனா! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. உள்ளே கூட்டிப்போய் நீலத் தரையைக் காட்டினார். "இதான் அங்கிள்."

"இன்னும் கட்டலியா?"

"எல்லாம் ரெடி லா. போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சோம்."

"உள்ள போலாமா?"

"போலாம். ஆனா உள்ள நின்னு அடிக்கக் கூடாது."

"கிச்சன்ல நின்னு நான் யாரம்மா அடிக்கப் போறேன்?"

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க அங்கிள். வேகத்துல கை தானாப் போயிரும்."

குடும்பத்தில் நிறையப் பட்டவர் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, பேச்சை மாற்றினேன். "லைன்?"

"கீழ பாருங்க அங்கிள்."

சன்னல் வழியாகக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தேன். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள்தான் கண்ணுக்கு எட்டிய தூரம். ஒரு லைன் வீடு இல்லை. மகள் சொன்னது சரிதான், அழிந்தே போய்விட்டது. அடுப்பை வைக்காமல் தரைக்குப் பெயிண்ட் அடித்து அதைக் கிச்சன் என்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை? வெளியே வந்து வேனை எடுத்தேன்.

கோலா தெர்லாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் என் பழைய சிநேகிதர். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "தரையில சமைக்கச் சொல்றானுங்களா? தாஸு, நீ நம்ம தோட்டத்து மண்டபத்தப் பாரு. சமையலுக்கு நானே வரேன்" என்றார்.

மண்டபத்துச் சாவி தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம், இருந்தது. கேட்டேன். கிச்சன்? இரண்டு, மேடைக்கு இரண்டு பக்கமும். (அளந்தேன். ஒன்று ஏழடி, இன்னொன்று ஏழேகால்.) லைன்? எதிரிலேயே, பத்து வீடு, ஒரு ஓடுகூடப் போகவில்லை. கூரை? தகரம். நெட்? ஆபீஸ் வைஃபை இதுவரை எட்டும். விளையாட்டு? ஒரு கேரம் போர்டு, மூன்று கால் டேபிள் டென்னிஸ் மேசை, சுவரில் அம்பு எறிகிற வட்டப் பலகை. மல்டி-ஸ்போர்ட்! ஷீலாவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'நீ கேட்ட எல்லாம் இருக்கு. அளந்தும் பாத்துட்டேன்.' அவள் ஒரு இதயம் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை ஷீலாவோடு சம்பந்தி வீட்டார் மண்டபத்து வாசலில் இறங்கினார்கள். வரவேற்க ஜெரோமும் வந்திருந்தான். செல்வநாதன் ஆறடி உயரம். வெள்ளைக் கால்சட்டை, இரண்டு முட்டியிலும் பட்டை, கையில் மட்டை. மண்டபத்துக்குள் வந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையையும் அடுக்கி வைத்த நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மரியாதையான மனுஷன். மெதுவாகக் கேட்டார்:

"சம்பந்தி… கிச்சன் எங்க?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காதர் பாய் பிரியாணிச் சட்டிக்குப் பின்னால் ஆவியில் பாதி தெரிந்தார்.

"இது அசைவம். அந்தப் பக்கம் சைவம். ரெண்டு பக்கமும் இருக்கு பாருங்க. ஏழடி!"

செல்வநாதன் மட்டையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். "லைன்?" என்றார், குரல் இறங்கி.

சன்னலைத் திறந்தேன். "பத்து வீடு. அழியவே இல்ல."

"நெட்டு?"

"பாஸ்வேர்டு கிராணிகிட்ட இருக்கு. வாங்கித் தரேன்."

ஷீலா "அப்பா…" என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெரோம் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், கோர்ட் கேட்டாங்கன்னு நல்லவேள வக்கீலக் கூட்டிட்டு வரல!"

அப்புறம்தான் ஷீலா எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். கல்யாண மண்டபம் என் கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

காப்பாற்றியவர் சம்பந்தியம்மா. "வந்தாச்சு. ஆடாமப் போனா கால் நமநமங்கும்" என்றவர், காதர் பாய் ரொட்டி சானாய் (நம் பரோட்டாதான்) போடக் கொண்டுவந்திருந்த கோதுமை மாவை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டார். "அது வாய்க்கு, தரைக்கு இல்ல!" என்று பாய் கத்துவதற்குள் கோடு பாதி போட்டாகிவிட்டது. என் வேன் கூரையில் பெட்டி கட்டும் வலையை இரண்டு நாற்காலி அடுக்குகளுக்கு நடுவில் கட்டினோம். இழந்த மானத்தை ஆட்டத்திலாவது மீட்கலாம் என்று நானும் ஒரு மட்டையை வாங்கினேன். எதிர்ப்பக்கம் செல்வநாதன்.

என் முதல் அடி வலையைத் தாண்டியது. செல்வநாதனைத் தாண்டியது. கதவையும் தாண்டி, நேராகத் தால்சாக் குழம்புக்குள் விழுந்தது. எடுக்க ஓடிய மாப்பிள்ளையை, கரண்டியை ஓங்கிக்கொண்டு பாய் மறித்தார்: "எவனாச்சும் கிச்சனுக்குள்ள கால வச்சான், தெரியும் சேதி!"

"பாத்தீங்களா, ரெஃப்ரீ வந்துட்டாரு!" என்றார் செல்வநாதன். காலையில் இருந்து அவர் அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த பந்து வலைக்கு மேலே மிதந்து வந்தது. விடுவேனா? பாய்ந்தேன். மெழுகின சிமெண்டு, அதன்மேல் ரொட்டி மாவு. கால் என்னிடம் கேட்காமலே கிளம்பியது. மல்லாந்து விழுந்து, குப்புறப் புரண்டு, என் கிச்சனைக் கடந்து, வலைக்கு அடியில் நுழைந்து, அவருடைய கிச்சனையும் கடந்து, செல்வநாதனின் சப்பாத்துக் காலை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். நின்றேன் என்ன, கிடந்தேன். முகம் முழுக்க மாவு.

ஆறடி மனுஷன் குனிந்து, என் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க சம்பந்தி. கால்லலாம் விழ வேணாம். பொண்ண எடுத்துக்கிறோம்." ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஃபால்ட்டு, ஃபால்ட்டுதான்."

மத்தியானம் பிரியாணி முடிந்ததும் ஷீலா தீர்ப்புச் சொன்னாள். "கல்யாண மண்டபம் மாமா பாக்கட்டும்." நான் தலையைக் குனிந்து தயிரைப் பிசைந்தேன். மூன்றாவது தட்டையும் முடித்திருந்த செல்வநாதன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மண்டபத்த அவரு பாக்கட்டும்மா. கிச்சன மட்டும் ஒங்கப்பா பாக்கட்டும். அதுல அவர அடிச்சிக்க ஆளில்ல."

அப்படியே நடந்தது. ஜெரோம் பார்த்த மண்டபத்தில் எதைக் குறை சொன்னாலும் சாப்பாட்டை யாரும் சொல்லவில்லை. (நானும் பாயும் முதல் நாளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டோம். அளந்தும் பார்த்தோம்.)

ஈப்போவில் சம்பந்தி வீட்டுச் சமையலறை வாசலில் இப்போது நீலநிற டேப்பில் ஒரு கோடு இருக்கிறது. அடுப்பில் இருந்து சரியாக ஏழடி. எனக்காகவே ஒட்டியது. சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு கோட்டுக்கு வெளியே நிற்பேன். கறி மிச்சம் இருக்கிறதா என்று அரை அடி எட்டி வைத்தால் போதும், உள்ளேயிருந்து எல்லாக் குரலும் ஒன்றாய்க் கேட்கும்: "ஃபால்ட்!"

அதில் ரோசலியின் குரல்தான் உரக்கக் கேட்கும்.