குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய சட்டம்

பாரிஸ் லா சப்பல் மரக்கறிக் கடையில், பத்துப் பேர் பார்க்க, அப்பா அம்மாவுக்குப் பட்டம் கொடுத்தார்: "எல்லாத்துக்கும் நொட்டை!" அம்மா செய்த குற்றம், முற்றல் முருங்கைக்காயை முற்றல் என்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன்.

"முற்றலை முற்றல் எண்டால் அது விமர்சனம் அப்பா. கையாலை ஒண்டும் செய்யாமல் வாயாலை பிழை பிடிக்கிறதுதான் நொட்டை."

"அப்ப நானோ நொட்டை?"

"ஓம்."

"சரி! எனக்கும் கொம்மாவுக்கும் போட்டி. இரவு எட்டு மணிக்குள்ளை நொட்டை சொல்லுற ஆள், ஒரு வருசம் கோப்பை கழுவோணும்!"

அப்பாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை. றெஸ்ரோறன்களில் பத்து வருடம் கோப்பை கழுவியவர். வீட்டில் ஒரு கரண்டியும் கழுவுவதில்லை என்று சபதம்.

"சட்டமெண்டால் எல்லாருக்கும் பொது" என்று வாதாடி, 'இந்த வீட்டில் முதலில் நொட்டை சொல்லும் எவரும்' என்று நானே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டே உப்புப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

மத்தியானம் கறியில் உப்பில்லை. "திறம்!" என்றார் அப்பா.

அப்பளம் கரி. "நல்ல மொறுமொறுப்பு."

பின்னேரம் தேத்தண்ணியில் உப்பு. "மத்தியானம் விட்ட உப்பு வந்து சேர்ந்திட்டுது. சந்தோசம்!"

அப்போதுதான் அம்மா கேட்டார்.

"இஞ்சாருங்கோ, தம்பி தவசீலன் மூண்டு மாசம் எங்களோடை வந்து நிக்கட்டாமோ? நல்லதுதானே?"

போனமுறை மாமா இரண்டு நாளுக்கென்று வந்தவர். பனிக்காலம் முடியத்தான் செவ்ரானிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார்.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். குவிந்திருந்த கோப்பைகளைப் பார்த்தார்.

"ந...ல்...லது."

ஏழே முக்காலுக்கு மாமா வாசலில் நின்றார். இரண்டு சூட்கேஸ், ஒரு தலையணை.

"வா தம்பி. பிள்ளையின்ரை அறையிலை வை" என்றார் அம்மா.

"என்ரை அறையோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளோ? இந்த வீட்டிலை ஒண்டாவது ஒழுங்கா நடக்குதோ?"

அப்பா மணிக்கூட்டைக் காட்டினார். ஏழு ஐம்பது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், மாமா அவருடைய கதிரையில் சாய்ந்து றிமோட்டை எடுக்கும்வரை.

"இது விமர்சனம்!" என்றேன்.

"கையாலை ஒண்டும் செய்யாமல் வாயாலை பிழை பிடிச்சால் என்ன பேர் பிள்ளை?" என்றார் அம்மா.

அதற்கு என்னிடம் அருமையான பதில் இருக்கிறது. கை ஈரம் காயட்டும், எழுதுகிறேன்.