புத்தகம் கொடுக்க மறுத்த மிஷின்

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையனின் வீட்டைப் பார்க்கலாம், சம்பளத்தைப் பார்க்கலாம், முன்நெற்றி வழுக்கையைக்கூடக் குனிந்து பார்க்கலாம். அவன் வேலை செய்வதை மட்டும் பார்க்கவே கூடாது. பார்த்தால் நாட்டில் பாதிக் கல்யாணம் நடக்காது.

என்னைப் பார்த்துவிட்டார்கள்.

அப்போது நான் திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். நூலகங்களில் யார் துணையும் இல்லாமல் நாமே புத்தகம் எடுத்துக்கொள்ள ஒரு மிஷின் வைத்திருப்பார்கள். கார்டைக் காட்டிவிட்டுப் புத்தகத்தை அதன் மேல் வைத்தால், நம் பெயரில் பதிந்துகொள்ளும். அந்த மிஷினை நூலகத்தின் கம்ப்யூட்டரோடு பேசவைப்பதுதான் என் வேலை. (சொந்த ஊரான ஆவூரில் என் அம்மா இதை, "பையன் கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு" என்று சுருக்கிச் சொல்லிவந்தார்.)

குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் மிஷின் வைக்கும் வேலை வந்தது. அதே நேரத்தில் அம்மா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் பெயர் ரெஜினா, பள்ளிக்கூட டீச்சர். பெண்ணின் அம்மா சகாயமேரி ஒரு கல்லூரியில் லைப்ரரியன். எந்தக் கல்லூரி என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"நல்லதாப் போச்சுங்க. வீட்டுக்கு வந்தா எல்லாப் பிள்ளைகளும் அடக்கமாத்தான் உக்காரும். வேல பாக்குறப்பவே பாத்துக்கிறேன்" என்று சகாயமேரி மேடம் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாளே போய் இறங்கினேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தேவையே இல்லாமல் மூன்று ஸ்குரூ டிரைவர். மேடம் ஒரு பார்வை பார்த்தார். "சாப்டீங்களா தம்பி?" என்றார். தம்பி என்றது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யோசித்தே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

விஷயம் ரொம்பச் சுலபம். யாராவது கார்டைக் காட்டினால் மிஷின் நூலகக் கம்ப்யூட்டரிடம் அவரைப் பற்றி விசாரிக்கும். கம்ப்யூட்டர் பதிலாக ஆங்கிலத்தில் 'ஒய்' என்ற எழுத்தை அனுப்பும், அல்லது அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். 'ஒய்' என்றால் ஆமாம். ஆமாம் என்றால் புத்தகம் கொடு. இதற்குப் போய் நூறு பக்கக் கையேட்டை எவன் படிப்பான்? நான் படிக்கவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு கார்டு வேண்டுமே. மேடத்தின் மேஜை மேல் ஒன்று தனியாகக் கிடந்தது. எடுத்துக் காட்டினேன். "வணக்கம்! புத்தகங்களை வைக்கவும்" என்று மிஷின் தேனொழுகத் தமிழில் அழைத்தது. வைத்தேன், பதிந்தது. பதிந்ததை அழித்துவிட்டு, கார்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்று பஸ்ஸில் ஆவூர் திரும்பும்போது ரெஜினாவுக்குப் பொருத்தமான கல்யாணப் புடவை நிறம் வரைக்கும் யோசித்து முடித்திருந்தேன்.

மறுநாள் விழா. தாளாளர், பேராசிரியர்கள், மாணவிகள் கூட்டம். பின்வரிசையில் ரெஜினா. (போட்டோவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தாள்.) சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அந்த நூலகத்தில் தனி அனுமதியோடு உறுப்பினரானவர். எடுத்த புத்தகத்தைக் கெடுவுக்கு முன்பே திருப்பித் தருகிறவர் என்று மேடம் மைக்கில் புகழ்ந்தார்.

ஐயா கார்டைக் காட்டினார்.

"மன்னிக்கவும். நீங்கள் புத்தகங்களைத் திருப்பித் தராததால் உங்கள் உறுப்புரிமை நிறுத்தப்பட்டுள்ளது. நூலகரை அணுகவும்."

ஒலியை முழுதாகக் கூட்டி வைத்திருந்தவன் நான்தான். வாசலில் நின்ற தாளாளரின் கார் டிரைவருக்கே கேட்டிருக்கும். ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வாக்கியத்தில் ஒரு சந்திப்பிழைகூட இல்லாததால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

"கார்டு பழசா இருக்கும். இங்கிட்டுக் குடுங்க, நான் பாக்குறேன்" என்று தாளாளர் தன்னுடையதைக் காட்டினார். கல்லூரியையே கட்டியவரையும் மிஷின் புத்தகத் திருடர் என்றது. அடுத்து மேடம். அவரையும் நூலகரை அணுகச் சொன்னது.

"நாந்தானடா நூலகர்!" என்று மேடம் மிஷினைப் பார்த்துக் கத்தினார். பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம்.

"நேத்து நல்லா ஓடுச்சு மேடம்! இப்ப பாருங்க" என்று நான் பாய்ந்துபோய், மேஜை மேல் கிடந்த அதே கார்டை எடுத்துக் காட்டினேன். "வணக்கம்! புத்தகங்களை வைக்கவும்!"

"அது என் கார்டாச்சே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். இயற்பியல் பேராசிரியர். வருடக்கணக்காக ஒரு புத்தகத்தையும் திருப்பித் தராதவர். அதனால்தான் மேடம் அவருடைய உறுப்புரிமையை நிறுத்திவைத்து, கார்டையும் பிடுங்கி மேஜையில் போட்டிருந்தார். "மிஷினுக்காச்சும் என் அருமை தெரிஞ்சுதே" என்றபடி அவர் அலமாரிக்குப் போய் ஒரு கை நிறையப் புத்தகங்களை அள்ளிவந்து வைத்தார். அத்தனையையும் மிஷின் மகிழ்ச்சியோடு பதிந்து கொடுத்தது.

தாளாளர் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "ஐயா, நீங்க எடுத்துட்டுப் போங்க, அப்பறமாப் பதிஞ்சுக்கலாம்" என்றார். ஐயா புத்தகத்தோடு வாசலைத் தாண்டினார். பதியாத புத்தகத்தைக் கண்டதும் அங்கிருந்த கேட் 'வீல்' என்று அலறியது. கடமை தவறாத வாட்ச்மேன் சிறப்பு விருந்தினரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பீரோவுக்குப் பின்னால் போய் மேனேஜருக்குப் போன் போட்டேன். "அவங்க சாப்ட்வேர் சரியில்லன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார். போனை வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் கையேட்டைத் திறந்தேன். மிஷின் கேட்கும் கேள்வி "இவருக்குப் புத்தகம் தரலாமா?" இல்லையாம். "இவருக்குத் தடை இருக்கிறதா?" என்பதாம். 'ஒய்' என்றால், ஆமாம், தடை இருக்கிறது. நல்லவர்களை எல்லாம் கெட்டவர்களாகவும், இருந்த ஒரே கெட்டவரை நல்லவராகவும் ஆக்கியிருந்தேன்.

தலையைத் தூக்கினால் எதிரே மேடம். பக்கத்தில் ரெஜினா.

"என்ன தம்பி, எங்க தப்பு?"

"உங்க சாப்ட்வேர்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. "நாந்தான் மேடம். ஆமாங்கறத இல்லன்னும், இல்லங்கறத ஆமான்னும் மாத்தி எழுதிட்டேன்."

ரெஜினா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அங்கிட்டுத் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஒரு வரியை மாற்றியதும் மிஷினுக்குப் புத்தி வந்தது. ஐயாவை மறுபடி அழைத்துவந்து, "வணக்கம்" சொல்லவைத்து அனுப்பினோம். எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். எனக்கு ஒருவரும் தரவில்லை.

ஊருக்குப் போய் அம்மாவிடம், "வேற இடம் பாரும்மா" என்றேன். அன்று சாயங்காலமே மேடத்தின் போன் வந்தது.

"பையனுக்கு வேல கொஞ்சம் முன்னப்பின்னதாங்க. ஆனா பொய் சொல்ல சுத்தமா வரல. எம் மகளும் அந்தப் பையனத் தவிர வேற யாரையும் பாக்க வேணாங்குறா. சாப்பாட்டுக்கு உக்காந்தாக்கூடச் சிரிக்கிறா."

ஆவூர் மாதா கோயிலில்தான் கல்யாணம். பீடத்தின் முன்னால் நிற்கிறோம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனத்தோடு வந்திருக்கிறீர்களா என்று பாதிரியார் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

முதல் வரிசையிலிருந்து என் மாமியாரின் குரல், நூலகத்தில் பேசிப் பழகிய அதே ரகசியக் குரல், கோயில் முழுக்கக் கேட்டது.

"ஃபாதர், இன்னொரு தடவ கேட்டுக்கங்க. இவரு ஆமான்னா இல்லன்னு அர்த்தம்."

பாதிரியார் கேட்டார். பூசைப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, நிஜமாகவே இன்னொரு தடவை கேட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டீ வேண்டுமா என்று கேட்டு, நான் ஆமாம் என்றால், "மிஷின் ஆமாவா, மனுச ஆமாவா?" என்று விசாரித்த பிறகுதான் ரெஜினா அடுப்பைப் பற்றவைப்பாள். வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்திருந்தால் அவ்வளவுதான். அது என்ன மிஷின் என்று அவர்கள் கேட்பார்கள், என் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். டீ வர எப்படியும் அரை மணி நேரமாகும்.