கொண்டலும் கச்சானும்

சந்தேகப்படுவதற்கென்றே கடவுள் ஒரு மனிதரைப் படைத்து, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கருப்பட்டிக் கடை வைத்து உட்கார்த்தினார். அவர்தான் காத்தண்ணாச்சி. சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாளுக்கே மறந்திருக்கும். தராசைச் சந்தேகப்படுவார், தராசு பிடித்த தன் கையையும் சந்தேகப்படுவார். எல்லாவற்றுக்கும் மேலாக வானத்தைச் சந்தேகப்படுவார். வெள்ளை மேகம் ஒன்று சும்மா போனால்கூட, "நல்லவன் மாதிரி போகுதான் வே, பின்னால எவனையோ கூட்டிட்டு வாரான்" என்பார்.

கருப்பட்டிக்கு ஈரம் ஆகாது என்று வானம் பார்க்கத் தொடங்கியவர்தான். நாளடைவில் அந்தப் பழக்கம் வியாபாரத்தையே தின்றுவிட்டது. வாங்க வந்தவர் கடைக்குள் நிற்க, அண்ணாச்சி விரலை எச்சிலில் நனைத்து உயர்த்தியபடி தெருவில் நிற்பார். இத்தனைக்கும் அவர் சொன்ன மழை ஒருமுறைகூடப் பெய்ததில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான நானும், மேலப்பாளையத்து நெசவாளி ராவுத்தரும் அவருக்குக் கூட்டாளிகள். தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி போட்டுக் காயவைப்பவர் ராவுத்தர். நாலு தூற்றல் விழுந்தால் அவர் பிழைப்பு போச்சு. எனக்கு மழையோடு பகையும் இல்லை, உறவும் இல்லை. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காது, அவ்வளவுதான். சாயங்காலமானால் மூவரும் கடை வாசலில் கூடிவிடுவோம். பேட்டையில் சூறைக்காற்று ஒரே ஒரு வீட்டின் கூரையை மட்டும் பிடுங்கிப்போனதைப் பற்றி ஒரு வாரம் விசாரணை நடந்தது. அண்ணாச்சிக்குக் காற்றின் மேல் சந்தேகமில்லை, பக்கத்து வீட்டில் ஒடியாமல் நின்ற முருங்கை மேல்தான் சந்தேகம்.

எங்கள் பக்கம் கீழ்காற்றைக் கொண்டல் என்றும் மேல்காற்றைக் கச்சான் என்றும் சொல்லுவோம். அண்ணாச்சி அவற்றை ஆட்களாகவே வைத்துப் பேசுவார். அதுதான் வினையாயிற்று.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த வருஷங்களில் நெல்லைச் சீமையில் மூன்று பேர் சேர்ந்து தும்மினாலும் போலீசுக்குத் தகவல் போய்விடும். ராஜத்துரோகிகளைத் தேடுவதற்கு வெளி ஜில்லாப் போலீசாரை மாறுவேடத்தில் இறக்கியிருந்தார்கள். ஒருநாள் கருப்பட்டி விலை கேட்டு வந்தவன், வாங்காமல் வெகுநேரம் நின்றான். உலகத்தையே சந்தேகப்பட்ட அண்ணாச்சி அவனை மட்டும் விட்டுவிட்டார். அவர் கண் மேற்கே இருந்தது.

"கொண்டல் வந்து சேந்துட்டான் வே. கச்சான் மலைக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கான். ரெண்டு பேரும் நாளைக்குச் சந்திச்சா, மேலப்பாளையத்துல வெடிக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டல் எங்கே இருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் அதட்டினாராம். பட்டணத்துக்காரர், எங்கள் காற்று அவருக்குப் பழக்கமில்லை. அண்ணாச்சி விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப உங்க சன்னல் வழியாத்தான் வாரான்" என்றதும் இரண்டு கான்ஸ்டேபிள்கள் துப்பாக்கியோடு சன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள்.

நான் ஓடிப்போய் எல்லாம் காற்று, வெறும் காற்று என்று விளக்கினேன். வாத்தியாருக்கும் இதில் பங்கு உண்டா என்று இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். அது காற்றுதான் என்றால் இன்று மேலப்பாளையத்தில் மழை பெய்யட்டும். பெய்யாவிட்டால் பொழுது சாய்ந்ததும் ஆள் ஜெயிலுக்கு. ராவுத்தருக்குச் சொல்லியனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே அண்ணாச்சி மூலையில் குந்தியிருந்தார். அன்றுதான் அவர் வானத்தை வேவு பார்க்காமல் கெஞ்சுவதைக் கண்டேன். "வந்துருலே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ராவுத்தர் இறங்கினார். சொட்டச் சொட்ட நனைந்த பாவைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்து, இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் பொத்தென்று போட்டார்.

"மேலப்பாளையத்துல பேய்மழைய்யா. காத்து பாவைப் பிடுங்கி அடிச்சிட்டு. வெடிச்ச குண்டு இதுதான்" என்றார்.

இங்கே ஒரு பொட்டுக்கூட விழவில்லையே என்றார் இன்ஸ்பெக்டர்.

"கோடைமழை மாட்டுக்கு ஒரு கொம்பை நனைக்கும், மறு கொம்பை நனைக்காதுய்யா."

சொந்தப் பிழைப்பைப் பாழாக்கிக்கொண்டு எவனும் பொய் சொல்லமாட்டான் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேஜைக் காகிதமெல்லாம் ஊறத் தொடங்கியதும், எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தினார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி என்னை மேலப்பாளையத்துக்கு இழுத்துப்போனார். வாழ்க்கையில் முதன்முதலாகப் பலித்த மழையின் சேதத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம். தெருவில் காலை வைத்தால் கணுக்கால் வரை புழுதி. ஒரு இலை உதிர்ந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் ராவுத்தர் தலை குனிந்து பாவில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நூலெல்லாம் ஆற்று மணல்.

எனக்குப் புரிந்துவிட்டது. மனிதர் தன் பாவைத் தானே ஆற்றில் முக்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இனி அண்ணாச்சி விசாரணையை ஆரம்பித்துவிடுவாரே என்று நான் நடுங்கினேன். அவர் புழுதியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், ராவுத்தரை நெடுநேரம் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, நூலின் மறுமுனையைக் கையில் எடுத்தார்.

"நேத்து இங்கன நல்ல மழைதான், என்ன ராவுத்தரே?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க சொன்னபடிக்கே பெஞ்சிட்டு."

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெய்யாத அந்த ஒரு மழையைத்தான் எங்கள் காத்தண்ணாச்சி கடைசிவரை சந்தேகப்படவே இல்லை.