‘பார்க்கலாம்’ என்று சொன்னார்

நேர்காணலுக்குப் போகிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நான் சொல்ல வந்தது போய்விட்டு வந்தவர்களைப் பற்றி. அதிலும் சட்டம் படிக்கிறவர்கள் போய்விட்டு வந்தால் அது தனி இனம். பார்க்க மனிதர்களைப் போலவே இருப்பார்கள். சாப்பிடுவார்கள், என்ன சாப்பிட்டோம் என்று தெரியாது. கேட்டால் பதில் சொல்வார்கள், ஆனால் அது நாம் கேட்டதற்கு இருக்காது. மூன்று நாளைக்கு முன்னால் நேர்காணல் அறையில் யாரோ கேட்டதற்கு இருக்கும்.

ஒருத்தியைச் சொன்னால் எல்லாரையும் சொன்ன மாதிரிதான். வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். படிப்பில் கடைசி வருஷம். ஐந்து வக்கீல்கள் கைவிரித்த பிறகு ஆறாவதாக ஒரு பெரிய வக்கீலின் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருந்தாள். இதுவும் கைநழுவினால், பரீட்சை முடிந்த மறுநாளே சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஊரார் வழக்குக் காகிதங்களை ஆயுசு முழுக்க இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெரியவர் நாலு கேள்வி கேட்டார். ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார். அவள் எழுந்தபோது, “சரிம்மா, பார்க்கலாம்” என்றார்.

நீங்களும் நானுமாக இருந்தால் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்திருப்போம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் சும்மா விட்டுவிட்டு வர அவளுக்குக் கல்லூரியில் சொல்லித் தரவில்லையே. பார்க்கலாம் என்றால் மறுபடியும் சந்திக்கலாம் என்றா? அல்லது யோசித்துப் பார்க்கலாம், நீ கிளம்பு என்றா? பஸ்ஸிலேயே வழக்கு தாக்கலாகிவிட்டது.

முதல் சாட்சி அம்மா. துணி தேய்த்துக்கொண்டிருந்தவளை நிறுத்திவைத்து, ‘பார்க்கலாம்’ என்பதை இழுத்தும் சொல்லிக் காட்டினாள், வெட்டியும் சொல்லிக் காட்டினாள், எது நல்ல விதமாகக் காதில் விழுகிறது என்று கேட்டாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“சின்னதுல நீ எது கேட்டாலும் நான் பார்க்கலாம்னுதான் சொல்லுவேன். ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கேனா?”

அந்தச் சாட்சியம் செல்லாது என்று தள்ளப்பட்டது.

அடுத்தது அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் குறுக்கு விசாரணை. வேண்டாதவளுக்கு யாராவது தண்ணீர் கொடுப்பார்களா என்பது வக்கீலம்மாவின் வாதம்.

“உன் மூஞ்சியைப் பார்த்திருப்பார். விழுந்து வைப்பாளோன்னு பயந்திருப்பார்டி. நாங்களும் அப்படித்தான் கொடுப்போம்.”

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. போன் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு அவளோடு குளிக்கப் போனது. நலம் விசாரிக்கக் கூப்பிட்ட சித்தப்பாவிடம், லைனை அடைக்காமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வாய்க்கு வராத நல்ல பதில்களெல்லாம் பாத்திரம் துலக்கும்போது வரிசையாக வந்தன. அத்தனையையும் குழாயிடம் சொன்னாள். குழாய்க்குத் திருப்திதான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நேர்காணல் முடிந்ததும் நன்றிக் கடிதம் போட வேண்டும் என்று யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள். நாலு வரி போதும். நாலு வரியில் நிறுத்த அந்த இனத்தால் முடியும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். வருஷம் முழுக்க வக்கீல் நோட்டீஸ் எழுதிப் பழகிய கை அது. பதினோரு பத்தி எழுதியது. ‘மேலே மூன்றாம் பத்தியில் குறிப்பிட்டுள்ள குவளைத் தண்ணீருக்கு’ நன்றி தெரிவித்தது. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பியது.

அன்று மத்தியானம் அக்கா அதன் நகலை எடுத்துப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் குரல் மாறிவிட்டது.

“‘இக்கடிதம் கிடைத்த ஏழு தினங்களுக்குள் தக்க பதில் அளிக்கத் தவறினால், அதனால் ஏற்படும் விளைவுகள் அனைத்துக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள்.’ ஏண்டி, நன்றி சொன்னியா, கேஸ் போட்டியா?”

வக்கீலம்மா வாங்கிப் பார்த்தாள். அந்த வரியை எழுதிய ஞாபகமே இல்லை அவளுக்கு. தபாலாபீசுக்கு ஓடினாள். பை கட்டி வண்டி போய் அரைமணி ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து அதே போன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. முன்பு அடிக்கவில்லையே என்று அழுதவள், இப்போது அடித்துவிடுமோ என்று நடுங்கினாள். ஒப்புகை அட்டை பெரியவர் அலுவலக முத்திரையோடு திரும்பி வந்தது. சித்தப்பாவிடம் ஒரு நாற்காலி ஒழித்து வைக்கச் சொல்லிவிடலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். வக்கீலம்மா ஆட்சேபிக்கவில்லை. அவள் ஆட்சேபிக்காமல் இருந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் அலமாரி அதிர்ந்தது. அக்காதான் போனை எடுத்து அவள் காதில் வைத்து அழுத்தினாள். பெரியவரின் குமாஸ்தா.

“உங்க நோட்டீஸ் வந்துதும்மா. முப்பது வருஷத்துல ஐயாவுக்கே நோட்டீஸ் விட்ட ஆளை நான் பார்த்ததில்லை. சிரிச்சு சிரிச்சு அவருக்குப் புரையேறிடுச்சு. ஆனா ஒரு வரியிலயும் ஓட்டை இல்லைன்னார். பதில் போடணுமாம், எழுத இங்க ஆள் இல்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நீங்களே வந்துடுங்க. அப்புறம் தினமும் அதே நேரம்தான்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா தங்கை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வக்கீலம்மா மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ‘வாங்க’ன்னு சொல்லலை. ‘வந்துடுங்க’ன்னார். இதுல ஏதோ இருக்கு.”

சிரிக்கிறீர்களா? நேற்று உங்கள் மேலதிகாரி வெறும் ‘ம்’ என்று பதில் போட்டாரே, அதை எத்தனை பேரிடம் காட்டி அர்த்தம் கேட்டீர்கள்? நான் சொன்னதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை. இருக்குமோ என்று மறுபடியும் முதல் வரிக்குப் போகாதீர்கள்.